ஹெப்பகோடி வக்காவும் ஆடிக் கூழும்

பெங்களூருக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்ததைப் பேசியிருந்தால் சால்வை, கைதட்டல், குரூப் போட்டோ எல்லாம் கிடைத்திருக்கும். எனக்கு வாய்த்திருக்கும் வாய் அப்படிப்பட்டது இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நான் மெஸ் நடத்துகிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் கண்மாயிலும் கரை வீடுகளை ஒட்டியும் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் வந்து இறங்கும். வக்கா, நாரை, உண்ணிக்கொக்கு என்று இலை தெரியாமல் உட்கார்ந்திருக்கும். தீபாவளியும் அதே சமயத்தில் வருவதால் எங்கள் ஊரில் யாரும் வெடி போடுவதில்லை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையாக இருந்தாலும் கம்பி மத்தாப்போடு சரி. பறவைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். வந்தவர்களுக்குப் பசிக்கும். அப்படித்தான் என் மெஸ் ஓடுகிறது.

போன கார்த்திகையில் பெரிய கேமராவும் சின்னப் பையுமாக சுந்தர் வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் அயிரை மீன் குழம்புக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, வெடி போடாத கதைய நீங்க எங்க ஊருக்கு வந்து சொல்லணும்" என்றார். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேர் உண்டு. ஆனால் இவர் ஆடி மாதம் நிஜமாகவே போன் செய்தார்.

ஹெப்பகோடியில் அவர்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே ஒரு ஏரி இருக்கிறதாம். அதைக் காப்பாற்றச் சங்கம் வைத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பறவை விழாவாம். "அந்தக் கரையில ஒரு தமிழ்க் காலனி இருக்கு அக்கா. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். தேங்காய் வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள் நான். அந்த வாக்கியத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஊர்ப் பெருமையில் கோட்டை விட்டேன்.

மெஸ்ஸை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வியாழக்கிழமை காலை பெங்களூரில் இறங்கினேன். ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் வாயைத் திறந்தால் மண் விழும். இங்கே ஆண்கள் ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறார்கள். ஆட்டோக்காரர் என் பையையும் முகத்தையும் பார்த்த உடனே ஊருக்குப் புதுசு என்று கண்டுகொண்டார். ஒரே பிள்ளையார் கோயிலை இரண்டு முறை காட்டினார். மூன்றாவது முறை அந்தத் தெருமுனை வந்தபோது, "சாமி கும்பிட்டது போதும், வீட்டுக்குப் போங்க" என்றேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆஸ்டின் டவுனில் என் சித்தி மகள் பாக்கியம் இருக்கிறாள். கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னோடு தமிழ், காய்கறிக்காரரோடு கன்னடம், எதிர்வீட்டு அம்மாவோடு உருது என்று ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசுகிறாள். மூன்றிலும் பேரம் மட்டும் ஒரே மாதிரிதான். காலைப் பலகாரத்துக்கு ஓட்டலிலிருந்து தட்டே இட்லி வாங்கி வந்திருந்தாள். பெயருக்கு ஏற்றபடி தட்டளவு இருந்தது. இட்லியைக் குறை சொல்ல மாட்டேன், பஞ்சு. சாம்பாரில்தான் வெல்லம் போட்டிருந்தார்கள். பாயசத்தில் யாராவது உப்புப் போட்டால் இவர்கள் சும்மா இருப்பார்களா?

"பழகிட்டா அப்புறம் வெல்லம் இல்லாத சாம்பார் எறங்காதுக்கா" என்றாள் பாக்கியம். மதியம் அவள் வைத்த சாம்பாரிலும் வெல்லம் இருந்தது. ஒரு குடும்பத்தை இந்த ஊர் எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது பாருங்கள்.

தெருவில் ஆடிக்கு வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கு வந்தேன் என்று கேட்டாள். அந்தக் காலனியில் ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், மரத்தில் பறவைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன, அதனால் மேளம் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

பாக்கியம் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆடி மாசத்துல அம்மனுக்கு மோளம் அடிக்காதேன்னு சொல்லப் போறியா? சும்னே வாயக் குடுத்து ஒத வாங்காத. உனக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பறவக் கதைய மட்டும் சொல்லிட்டு வந்துரு."

"நம்ம ஊர்ல கேக்கலையா?"

"அது நம்ம ஊரு."

எனக்கு அது பதிலாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஹெப்பகோடிக்குக் கிளம்பினேன். பஸ்ஸின் போர்டில் எண்கூடக் கன்னடத்தில் எழுதியிருந்தது. பாக்கியம் என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் ஒரு பாட்டம் கன்னடத்தில் என்னை ஒப்படைத்தாள். அவர் தலையை ஆட்டினார். அடுகோடி தாண்டுவதற்குள் பஸ் மூன்று முறை இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஏதோ அறிவித்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இதுக்கு மேல போகணும்னா நீங்கதான் இதத் தூக்கிட்டுப் போகணும்னு சொல்றாரு" என்றாள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் டிரைவரின் பரம்பரையே சந்திக்கு வரும். இங்கே சிரிக்கிறார்கள். இந்தப் பொறுமையை நல்ல குணம் என்று சொல்வதா, சொரணை இல்லை என்பதா என்று எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு லேத் பட்டறை வாசலில் ஒதுங்கி நின்றோம். அந்தப் பெண் டீக்கடையில் 'பை டூ' என்று சொல்லி, ஒரு டீயை இரண்டு கிளாசில் பாதிப் பாதியாக வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் மெஸ்ஸில் யாராவது ஒரு டீயைப் பாதியாக்கச் சொன்னால் முறைத்துத்தான் பார்த்திருப்பேன். அன்றைக்கு அந்தப் பாதி டீ தொண்டைக்கு இதமாக இறங்கியது. அடுத்த பஸ்ஸின் நெரிசலில் ஹெப்பகோடி வரை ஒற்றைக் காலில்தான் நின்றேன்.

சுந்தர் பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது மாடி வீடு. பால்கனியில் நின்றால் ஏரி முழுவதும் தெரிகிறது. எதிர்க்கரையில் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். பைனாகுலரைக் கையில் கொடுத்தார். கண்ணில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் வக்கா. எங்கள் ஊரில் ஐப்பசிக்கு மேல் வருகிறவை இங்கே ஆடியிலேயே குஞ்சு பொரித்து உட்கார்ந்திருந்தன. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, உலகத்தில் எதுவும் சரியில்லை என்பதுபோல் அவை உட்காரும் அந்த உட்காரல் எந்த ஊரிலும் மாறாது போலிருக்கிறது.

மரங்களுக்குக் கீழே தகரக் கூரைகள் தெரிந்தன. அதுதான் காலனி. "குஞ்சு கீழ விழுந்தா நாய் தூக்கிட்டுப் போயிடுது அக்கா. அத ஒரு தடவ பாத்துட்டு அன்னிக்கு எனக்குச் சாப்பாடே எறங்கல" என்றார் சுந்தர். பொய் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. ஏரியைச் சுற்றி வேலி போட எஞ்சினியர் வருகிறார், அவரும் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வருவார், காலனிக்காரர்கள் மேளத்தை மட்டும் நிறுத்தினால் நம் பக்கம் நியாயம் நிற்கும் என்றார். யார் பக்கம், யாருடைய நியாயம் என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலனிக்குத் தனியாகப் போனேன். கரையைச் சுற்றி நடந்து போகும்போது ஒன்றைக் கவனித்தேன். அபார்ட்மெண்ட் பக்கத்திலும் அதே வயசுத் தூங்குமூஞ்சி மரங்கள் நான்கைந்து நின்றன. ஆள் அரவம் இல்லை, நாய் இல்லை, சமையல் புகை இல்லை. கூடும் ஒன்றுகூட இல்லை.

காலனிக்குள் நுழைந்ததும் மீன் கவிச்சை அடித்தது. குஞ்சுகளுக்குக் கொண்டுவந்த மீன் கீழே விழுந்து நாறும் வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. வாசலுக்கு வாசல் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள், எச்சம் தலையில் விழாமல் இருக்க. பேனரில் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த தலைவர்கள் எல்லாரும் மேலே பார்த்தபடி அத்தனை எச்சத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மக்களுக்குச் செய்த தொண்டில் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்.

மரத்தடி முதல் வீட்டில் ஒரு பெண் கூழ்ப்பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஃபேக்டரிக் கோட்டு. பெயர் சரோஜா. சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இங்கே ஃபேக்டரிகள் எழும்பிய காலத்தில் சித்தாள் வேலைக்கு வந்த குடும்பம். இப்போது பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை, வீட்டில் இரண்டு மாடு. நான் என் ஊரைச் சொன்னேன், வெடி போடாத வழக்கத்தைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பானையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதனால, இந்தப் பச்சக் குஞ்சுகளுக்காக நாளைக்கு மட்டும் மேளத்த விட்ரலாமேத்தா" என்று முடித்தேன்.

"இன்னாக்கா, அந்தப் பில்டிங்காரங்க அனுப்புன ஆளா நீ?"

"யாரும் அனுப்பல. நானாத்தான்..."

"உங்க ஊர்ல வெடி வேணாம்னு யாரு சொன்னது? போலீசா?"

"இல்ல. ஊர்க்காரவுகளே கூடிப் பேசி விட்டாக."

"ஆங். நீங்களாக் கூடிப் பேசி விட்டீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் ஆள் அனுப்பறீங்க?" பானையைக் கவிழ்த்து வைத்தாள். "வருஷம் பூரா இதுங்க பீய நாங்க வாரறோம். துணி காயப்போட எடம் இல்ல. சோத்துல விழுது, தலையில விழுது. ஒரு கிளைய வெட்டிருப்பமா? கேட்டுப் பாரு. வருஷத்துல ஒரு நாளு ஆத்தாளுக்குக் கூழு ஊத்தறோம். அதையும் வுட்டுக் குடுத்துட்டு ஊமையா உக்காரணுமா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன்.

கோழி அடைக்கும் பஞ்சாரம் ஒன்று மூலையில் கவிழ்ந்திருந்தது. உள்ளேயிருந்து கர்க் என்றது. குனிந்து பார்த்தேன். கோழி இல்லை, வக்காக் குஞ்சு. கூட்டிலிருந்து விழுந்ததாம். சந்தையில் மீன் தலை வாங்கிப் போடுகிறாளாம். "திங்கறது மட்டும் ராஜாவாட்டம். நேத்து என் வெரலக் கொத்திடுச்சு, சனியன்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே தள்ளினாள்.

மைக்செட் குழாயை மரத்தில் கட்டப்போகிறார்களா என்று மெதுவாகக் கேட்டேன். "மரத்துலயா? முந்தி ஒரு தபா கட்டுனோம். குழாய்க்குள்ள எச்சம் போட்டு அடச்சிடுச்சு. மைக்செட்காரன் இந்த மரத்துப் பக்கமே வரமாட்டான். ரோட்டுப் பக்கம் திருப்பித்தான் கட்டறது" என்றாள். பிறகு, நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல், "பறவைக்காக இல்ல. குழாய்க்காக" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வேலி மரத்துக்கு அந்தப் பக்கம் போகிறது. மரமும் வேலிக்குள், மரத்தடி வீடுகளும் வேலிக்குள். வேலிக்குள் வீடு இருக்கக் கூடாது. மேளத்தை நிறுத்தச் சொல்வது முதல் படி. இவர்களால் பறவைக்குத் தொந்தரவு என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால் வீட்டைக் காலிசெய்யச் சொல்வது சுலபம். சரோஜா இதையெல்லாம் கோபமில்லாமல் சொன்னாள். எனக்குத்தான் காது மடல் சூடேறியது. நான் கொண்டுவந்த வெடி போடாத கதையை வைத்து இவள் வீட்டை இடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று உட்கார வைத்தாள். ராகிக் களியும் கீரைக் கடைசலும். நான் களியை மென்றேன். "மெல்லாதக்கா, முழுங்கு! பல்லுல ஒட்டிக்கும்" என்று சிரித்தாள். ஒட்டித்தான் கொண்டது. கடைசலில் பூண்டு தட்டிப் போட்டிருந்தாள், வெல்லம் இல்லை. இந்த ஊரில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் சாப்பாடு.

சாயங்காலம் சுந்தரிடம் நேராகவே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அவங்களுக்கு வேற எடம் குடுப்பாங்க அக்கா. நான் அவங்களுக்கு எதிரி இல்ல. ஆனா யாராவது பறவைங்களுக்காகப் பேசணும்ல?"

"எங்க வேற எடம்?"

"அது... கவர்மெண்ட் பாத்துக்கும்."

"நீங்க இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு சுந்தர்?"

"ரெண்டு."

"உங்க பக்கம் அஞ்சு மரம் சும்மா நிக்குது. நிம்மதியான எடம். ஏன் ஒரு வக்காகூட இங்க கூடு கட்டல? எங்க ஊர்லயும் வீட்டை ஒட்டின மரத்துலதான் மொதல்ல கட்டுது. ஆள் நடமாட்டம் இருந்தா பருந்து கிட்ட வராதுன்னு நாங்க நினைக்கிறோம்."

"அதுக்கு டேட்டா இருக்கா அக்கா?"

"இல்ல. அவுக போயிட்டா பறவ நிக்கும்கிறதுக்கு உங்ககிட்ட இருக்கா?"

நாளைக்கு மேடையில் எங்கள் ஊர்க் கதையை மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். சரி என்றேன். எந்தக் கதை என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு இரண்டு பக்கமும் விழா. இந்தப் பக்கம் பந்தல், நாற்காலி, அட்டையில் மூக்குச் செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெரிய பேனரில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பறவைகளை வாழவிடுவோம் என்று எழுதியிருப்பதாக சுந்தர் படித்துச் சொன்னார். முன்வரிசையில் எஞ்சினியர், கையில் சுருட்டிய வரைபடம். அந்தப் பக்கம் காலையிலேயே பம்பை ஆரம்பித்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன்" என்று ஒரு அம்மாள் எஞ்சினியரிடம் கன்னடத்தில் சொன்னதாக சுந்தர் எனக்கு மொழிபெயர்த்தார்.

நான் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கூடு இருக்கும் மரத்தடியில் மேளம் அடித்து நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பறந்துவிட்டால் சரோஜாவின் வீடு போச்சு. பம்பை ஏறிக்கொண்டே போனது. தலையில் கூழ்க்குடம் வைத்த பெண்கள் மரத்தைச் சுற்றி வந்தார்கள். வக்காக்கள் அசையவில்லை. ஒன்று இறக்கையை விரித்துச் சோம்பல் முறித்துவிட்டு மறுபடி கழுத்தை இழுத்துக்கொண்டது. அவை வருஷாவருஷம் கேட்டுப் பழகிய சத்தம் போலிருக்கிறது.

அப்போது சிறப்பு விருந்தினர் வந்தார். அந்த வட்டாரத்து அரசியல் பிரமுகர். பெயர் எதற்கு, எல்லா வட்டாரத்திலும் ஒருவர் இருக்கிறார். இரண்டு ஜீப் நிறைய ஆட்கள். அவர் காலைக் கீழே வைத்ததும் பந்தல் வாசலிலேயே பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள்.

ஏரியே அதிர்ந்தது. எதிர்க்கரையில் இரண்டு மரமும் ஒரே நேரத்தில் உதிர்ந்தது போல அத்தனை வக்காவும் எழுந்தன. வானம் பூராவும் அவை கத்திக்கொண்டு சுற்றின. குஞ்சுகள் மட்டும் கூட்டில் கிடந்தன. சுந்தர் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். "நிறுத்துங்க, ப்ளீஸ், நிறுத்துங்க!" ஒருவரும் காதில் வாங்கவில்லை. வாலா அதன்பாட்டுக்கு வெடித்து முடித்தது. பறவையைக் காப்பாற்றக் கூடிய கூட்டம் புகைக்குள் நின்று இருமியது. அந்தப் பக்கம் பம்பை நின்றிருந்தது. காலனிக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுந்தரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரமில்லை. மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள்.

"எங்க ஊர்ல வெடிச் சத்தத்த நான் கேட்டதே இல்ல. அதக் கேக்கப் பெங்களூர் வரைக்கும் வர வேண்டியிருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். தமிழ் தெரிந்த சிலர் சிரித்தார்கள், பிறகு சிரிக்கலாமா என்று பார்த்தார்கள். "எங்களுக்கு வெடி வேணாம்னு எந்தச் சங்கமும் வந்து சொல்லல. மரத்தடியில குடியிருக்கவுக கூடிப் பேசி விட்டாக. இங்க மரத்தடியில குடியிருக்கவுக அந்தக் கரையில இருக்காக. அவுகள இந்தப் பந்தலுக்கு ஒரு வார்த்த கூப்பிடல. காலையிலேருந்து அவுக மேளத்துக்கு ஒரு பறவ எந்திரிக்கல. இந்தப் பந்தல் வெடிக்கு அத்தனையும் எந்திரிச்சுப் போச்சு. இதுக்கு மேல எஞ்சினியர் ஐயாவுக்கு நான் என்ன சொல்ல இருக்கு?"

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். ஒருவரும் கைதட்டவில்லை. கரையைச் சுற்றி நடந்து காலனிக்குப் போனேன். பாதி வழியில் வக்காக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கூட்டில் இறங்கத் தொடங்கின. எனக்கு மூச்சு வந்தது.

சரோஜா ஒரு சொம்பு கூழும் ஒரு வெங்காயமும் கொடுத்தாள். மேடையில் என்ன பேசினேன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சினியரும் சுண்ணாம்பு மூட்டையோடு இரண்டு ஆட்களும் வந்தார்கள். பின்னாலேயே சுந்தர். கோடு போடவேண்டிய இடத்தில் கூழ்ப்பானைகள் அடுப்போடு வரிசையாக இருந்தன. வேண்டுமென்று வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எஞ்சினியருக்கும் ஒரு சொம்பு நீட்டினாள் சரோஜா. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, இதை எங்கள் வீட்டில் அம்பலி என்போம், அம்மா போனபின் குடிக்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னாராம். முழுவதையும் குடித்தார். பிறகு, இன்றைக்குச் சாமி காரியம் நடக்கிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.

"வாங்க சார். திங்கக்கெழமையும் நாங்க இங்கதான் இருப்போம்" என்றாள் சரோஜா.

அன்று இரவு ஊருக்குக் கிளம்ப வேண்டியவள் நான். போகவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்து இன்னும் ஒரு நாள் என்றேன். "அங்கயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

திங்கட்கிழமை காலை எஞ்சினியர் வந்தார். காலனியே வேலைக்குப் போகாமல் நின்றது. சுண்ணாம்புக் கோடு ஏரியின் மூலையிலிருந்து நேராக வந்து, மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. நேராகப் போனால் சரோஜா வீட்டின் அந்தப் பக்கம் போகும். அவள் வாசற்படியில் நின்றாள், இடுப்பில் கையோடு. நான் பக்கத்தில் நின்றேன். எஞ்சினியர் என்னைப் பார்த்து, விருந்தாளிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். "கூழு குடிச்சிருக்கேன் சார்" என்றேன். சரோஜா அதைக் கன்னடத்தில் சொன்னதும் அவர் ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். வீட்டைப் பார்த்தார், கரண்ட் மீட்டரைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். கவர்மெண்டே மீட்டர் கொடுத்த இத்தனை வீட்டை எடுக்க நான் எத்தனை ஆபீசுக்கு ஏறி இறங்குவது என்று அலுத்துக்கொண்டாராம். பிறகு ஆளுக்குக் கையைக் காட்டினார். கோடு வளைந்தது. மரத்துக்கும் வீட்டுக்கும் இந்தப் பக்கமாக, தண்ணீரை ஒட்டி ஓடியது. "மாடு எறங்க வழி வுடுங்க சார்" என்றாள் சரோஜா. இரண்டு மாடு போகும் அளவுக்கு ஒரு சந்து விட்டு, கோடு மறுபடி தொடர்ந்தது.

எஞ்சினியரோடு வந்திருந்த சுந்தர் பதறிப்போனார். "சார், இது எப்படி சார்? ஏரி முழுக்க உள்ள இருக்கு, பறவைங்க எல்லாம் வேலிக்கு வெளிய போயிடுச்சே!"

சரோஜா தலைக்கு மேல் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"பறவைங்க எங்ககூட இருக்கட்டும் சார். நீங்க உங்க வேலிய நல்லாப் பாத்துக்குங்க."